அறுபத்தொரு வயதில் கிடைத்த ஒரு வார்த்தை

நாற்பது ஆண்டுகளாக ஒரே தொழில். அந்தத் தொழிலில் பெரிய பரிசுகள், நாடு முழுக்க வாசகர்கள், பின்னால் வந்த ஒரு தலைமுறையே ‘இவரைப் பார்த்துத்தான் நான் பேனா பிடித்தேன்’ என்று சொல்லும் அளவுக்குப் பெயர். ஆனால் பெற்ற தாயார் மட்டும் அந்த வேலையை ஒரு வேலையாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மனம் மாறியபோது மகளுக்கு வயது அறுபத்தொன்று.

இது ஜப்பானியப் படக்கதை ஓவியர் மோட்டோ ஹாகியோவின் வாழ்க்கை. விஞ்ஞானக் கதைகளைப் படக்கதையாக வரைந்து பெயர் பெற்றவர் அவர். ‘படக்கதையெல்லாம் குழந்தைகளுக்கு, இந்த வயதில் நமக்கு எதற்கு ஐயா’ என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும். அவர் பெற்றோரும் அதையேதான் கேட்டார்கள்.

ஹாகியோ பிறந்தது 1949 மே 12. ஊர் ஒமுட்டா. ஜப்பானின் தெற்குப் பெருந்தீவான கியூஷூவில், ஃபுகுவோகா மாகாணத்தில் இருக்கிறது. மீகே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். அப்பாவுக்கும் அந்தச் சுரங்கத்தைச் சார்ந்த வேலைதான். போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆன சமயம் அது. 1959, 60-ஆம் ஆண்டுகளில் அந்தச் சுரங்கத்தில் ஜப்பானே திரும்பிப் பார்த்த பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1963 நவம்பரில் நடந்த வெடிவிபத்தில் 458 பேர் மாண்டார்கள். நாளைய சோற்றுக்கு என்ன வழி என்ற கவலையை விட்டு யாரும் ஒதுங்கி இருக்க முடியாத ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் குடும்பம் நடத்திய பெற்றோர், ‘படி, நல்ல வேலைக்குப் போ, படம் போட்டுக் காலத்தைக் கழிக்காதே’ என்று சொன்னதில் வியப்பு ஒன்றும் இல்லை. அன்றைய ஜப்பானில் படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெற்றோர்களும் ஆசிரியர்களும் இயக்கமே நடத்தினார்கள். ஹாகியோவின் பெற்றோர் அந்தக் காலத்துச் சராசரிப் பெற்றோர்கள்தான், கொடுமைக்காரர்கள் அல்லர். எழுத்து படிக்கத் தெரியாத வயதில் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட வேண்டிய சமாசாரம் படக்கதை என்பது அவர்கள் எண்ணம். பாடப் புத்தகத்துக்குள் படக்கதையை ஒளித்து வைத்துப் படித்த நம் தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பள்ளியின் மேல்வகுப்பில் படிக்கும்போது ஒசாமு தெசுகாவின் ‘ஷின்சென்குமி’ என்ற படக்கதை அவர் கையில் கிடைத்தது. தெசுகாதான் நவீன ஜப்பானியப் படக்கதையின் முன்னோடி. பழைய கியோத்தோவின் வாள்வீரர் கூட்டத்தைப் பற்றிய கதை அது. அதைப் படித்து முடித்தவுடன், தானும் படக்கதைக்காரி ஆவது என்று ஹாகியோ முடிவு கட்டிவிட்டார். பள்ளி முடிந்ததும் ஃபுகுவோகாவில் உடை வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தார். படித்துக்கொண்டே வரைந்தார். 1969-இல், இருபது வயதில், ‘நாகயோஷி’ என்ற சிறுமியர் பத்திரிகையின் சிறப்பிதழில் அவருடைய முதல் கதை வெளிவந்தது.

முதல் கதை வந்துவிட்டால் போதுமா? அந்தப் பத்திரிகைக்கு வேண்டியிருந்தது துள்ளலும் சிரிப்புமான பள்ளிக்கூடக் கதைகள். ஹாகியோ அனுப்பியதோ மரணம், தனிமை, வேற்றுக்கிரகம் என்று வேறு மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. இந்த இடத்தில்தான் ஷோககுகான் பதிப்பகத்தின் பத்திரிகையாசிரியர் ஜுன்யா யமமோட்டோ வருகிறார். மற்றவர்கள் வேண்டாம் என்ற கதைகளை வாங்கிப் படித்தார். இதை மாற்று, அதை வெட்டு என்று சொல்லாமல் வெளியிட்டார். நடந்தது அவ்வளவுதான். ஹாகியோவின் வாழ்க்கையில் யார் எதைச் செய்தார்கள் என்று கணக்குப் போட்டால், இந்த மனிதரின் பெயரைத்தான் நான் முதலில் எழுதுவேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானில் சிறுவர்களுக்குத் தனிப் பத்திரிகை, சிறுமியருக்குத் தனிப் பத்திரிகை. சிறுமியர் பத்திரிகைகளிலும் வெகுகாலம் ஆண்களே நிறைய வரைந்தார்கள். விண்கலம், இயந்திரம், வேற்றுக்கிரகம் எல்லாம் பையன்களின் சொத்து. பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கதை பிடிக்காது என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, ஆனால் எல்லோரும் நம்பினார்கள். அசிமோவ், கிளார்க், ஹைன்லைன் எல்லாரையும் படித்து வளர்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை தங்கள் வாசலிலேயே நிற்கிறாள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

1970-இல் ஹாகியோ தோக்கியோவுக்கு வந்தார். நகரின் ஓரத்தில், நெரிமா பகுதியின் ஓயிசுமியில், ஒரு பழைய வீட்டில் கெய்கோ தகேமியா என்ற இன்னொரு ஓவியரோடு சேர்ந்து தங்கினார். அவரும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரர். 1973 வரை அந்த வீட்டுக்கு இளம் பெண் ஓவியர்கள் பலர் வந்து போனார்கள். பிற்காலத்தில் அந்தத் தலைமுறைக்கு ‘இருபத்து நான்காம் ஆண்டுக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியக் கணக்கில் ஷோவா 24-ஆம் ஆண்டு என்றால் 1949. அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள் என்று அர்த்தம். சிறுமியர் படக்கதையைப் பொழுதுபோக்கிலிருந்து இலக்கியத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள் என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். அன்று அவர்கள் வாடகை கொடுக்கத் திண்டாடும் இருபது வயதுப் பெண்கள்.

1972-இல் ஆரம்பித்த ‘போ குடும்பம்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. என்றைக்கும் பதினான்கு வயதிலேயே நின்றுவிட்ட ஒரு ரத்தக்காட்டேரிப் பையனின் கதை. பையன் பெயர் எட்கர், அவன் தோழன் பெயர் ஆலன். எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு அவர் செய்த வணக்கம் அது. 1974-இல் ‘தாமஸின் இதயம்’ தொடர் வந்தது. ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி, ஒரு மாணவனின் மரணத்தோடு தொடங்கும் கதை. வாசகர் வாக்கெடுப்பில் அது கடைசி இடத்துக்குப் போனது. சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். இன்னும் சில வாரம் கொடுங்கள் என்று ஹாகியோ கேட்டுக்கொண்டே வரைந்தார். அந்த நேரம் பார்த்து ‘போ குடும்பம்’ முதல் தொகுதி புத்தகமாக வந்து, 30,000 பிரதிகள் மூன்றே நாளில் விற்றுப்போயின. அதன் பிறகு தொடரை நிறுத்தச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. வாரா வாரம் வாக்குப் போட்டவர்கள் ஒரு கூட்டம். காசு சேர்த்து வைத்துப் புத்தகம் வாங்கியவர்கள் வேறொரு கூட்டம். இரண்டாவது கூட்டம் அதுவரை பத்திரிகைக்காரர்களின் கண்ணுக்கே தெரியவில்லை.

1975-இல் வந்த ‘அவர்கள் பதினொரு பேர்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதைப் படித்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும்.

விண்வெளிப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. கடைசிக் கட்டத்தில் மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, கைவிடப்பட்ட ஒரு விண்கலத்தில் விட்டுவிடுகிறார்கள். 53 நாள் அதற்குள் தாக்குப்பிடிக்க வேண்டும். யாராவது ஒருவர் முடியவில்லை என்று அபாயப் பொத்தானை அழுத்திவிட்டால் பத்துப் பேருக்குமே தோல்வி. கலத்துக்குள் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றி எண்ணிப் பார்க்கிறார்கள். பதினொரு பேர் இருக்கிறார்கள்! யாரோ ஒருவர் புகுந்திருக்கிறார். யார்? ஆளுக்கு ஒரு கிரகம், ஆளுக்கு ஒரு பழக்கம், ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. கலம் பழுதாகிறது, உள்ளே நோய் பரவும் ஆபத்து வருகிறது, சந்தேகம் பத்துப் பேரிடம் பத்து விதமாக வேலை செய்கிறது. பதினோராவது ஆள் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. துப்பறியும் கதைபோலக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறார்.

அந்தக் கூட்டத்தில் ஃப்ரோல் என்று ஒரு பாத்திரம். அவருடைய கிரகத்தில் பருவம் வரும்வரை யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வளர்ந்த பிறகே எது என்று முடிவாகும். தேர்வில் தேறினால் ஃப்ரோல் ஆணாக வாழ அனுமதி கிடைக்கும். தேறாவிட்டால் பெண்ணாகி, பக்கத்து ஊர்ப் பிரபுவுக்கு எட்டாவது மனைவியாகப் போக வேண்டும். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் சேரத் தேர்வு எழுதுகிறார்கள். ஃப்ரோல் தன் வாழ்க்கையையே பணயம் வைத்து எழுதுகிறார். ‘நீ என்னவாக வேண்டும் என்பதை உன் வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள்’ என்ற நிலையிலிருந்து தப்பிக்கப் பரீட்சை எழுதும் பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? விண்கலத்தையும் வேற்றுக்கிரகத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், அது எந்தத் தெருவிலும் நடக்கும் கதைதான். 1975-இல் பெண் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் இது வந்தது. ஷோககுகான் படக்கதைப் பரிசு 1976-இல் ‘போ குடும்ப’த்துக்கும் இதற்கும் சேர்த்துக் கிடைத்தது. பின்னால் தொலைக்காட்சி நாடகமாக வந்தது, 1986-இல் அசைபடமாகவும் வந்தது.

அதற்குப் பிறகு அவரைத் தடுக்க ஆள் இல்லை. ரியூ மிட்சுசே என்ற எழுத்தாளரின் விஞ்ஞான நாவல் ஒன்றில் பிளேட்டோ வருகிறார், புத்தர் வருகிறார், உலகத்தின் முடிவு வருகிறது. அதைப் படக்கதையாக்கும் வேலையை ஒரு சிறுவர் பத்திரிகை 1977-இல் ஹாகியோவிடம் கொடுத்தது. பையன்களின் சொத்து என்ற வேலி அங்கே விழுந்தது. செவ்வாயில் பிறந்து, பூமியில் தன் அடையாளத்தை மறைத்து வாழும் ஒரு பெண்ணின் கதையான ‘ஸ்டார் ரெட்’ 1980-இல் செய்யுன் பரிசு பெற்றது. அது ஜப்பானிய விஞ்ஞானக் கதை ரசிகர்கள் மாநாட்டில் வாக்களித்துத் தரும் பரிசு. ‘வெள்ளி முக்கோணம்’ 1983-இல் அதே பரிசை வாங்கியது. 1985-இல் மூன்றாவது முறை. அந்த ஆண்டில் தொடங்கிய ‘மார்ஜினல்’ பெண்களே பிறக்காமல் போன ஒரு வருங்காலப் பூமியைக் காட்டியது. இருபது ஆண்டு கழித்து, உறக்கத்திலிருந்து எழாத ஒரு சிறுமியின் கனவுக்குள் நுழையும் மனிதனைப் பற்றிய ‘வேற்றுலகப் பார்பரா’வுக்கு 2006-இல் ஜப்பானின் எஸ்.எஃப். பெரும்பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

இவ்வளவு பரிசுக்கும் வீட்டில் மதிப்பு இல்லை. ‘எப்போது இதை விடப் போகிறாய்’ என்பதுதான் பெற்றோரின் நிலை. அந்த வலி எங்கே போகும்? 1992-இல் ‘இகுவானாவின் மகள்’ என்று ஒரு சிறுகதை வரைந்தார். இகுவானா என்பது பெரிய ஓணான் வகைப் பிராணி. ஒரு தாய்க்குப் பிறந்த மூத்த மகள் அவள் கண்ணுக்கு மட்டும் இகுவானாவாகத் தெரிகிறாள். ஊருக்கெல்லாம் அழகான, புத்திசாலியான பெண். அம்மா பார்க்கும் முகத்தையே அந்தப் பெண்ணும் கண்ணாடியில் பார்க்கிறாள், தன்னை இகுவானா என்றே நம்புகிறாள். வளர்கிறாள், கல்யாணமாகிறது, குழந்தை பிறக்கிறது. அம்மா இறந்த செய்தி வந்து போய்ப் பார்க்கிறாள். அங்கே கிடக்கும் அம்மாவின் முகமும் இகுவானாவின் முகம். தன்னிடம் வெறுத்ததைத்தான் அம்மா மகளிடம் பார்த்திருக்கிறாள். சுமார் ஐம்பது பக்கத்தில் இதைச் சொல்லிவிடுகிறார். தாயோடு தனக்கிருந்த சிக்கலிலிருந்து பிறந்த கதை என்று ஹாகியோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996-இல் அது தொலைக்காட்சித் தொடராகி நாடெங்கும் பேசப்பட்டது.

இந்தக் கதையைச் சொன்னதும் சிலர் உடனே ஒன்று சொல்வார்கள். ‘பார்த்தீர்களா, எதிர்ப்பு இருந்ததால்தான் இவ்வளவு பெரிய கலைஞர் ஆனார். பெற்றோர் தட்டிக் கொடுத்திருந்தால் சாதாரணமாகப் போயிருப்பார்.’ திருமண வீட்டுப் பந்தியிலும் பூங்கா பெஞ்சிலும் நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துவிடும் வாதம் இது. அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்பதன் தம்பி. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

காரணம் எளிது. அவரோடு அதே காலத்தில் வரைய ஆசைப்பட்டு, வீட்டில் எதிர்ப்பு வந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. எதிர்ப்பைத் தாண்டி வந்த ஒருவரை மட்டும் காட்டி, எதிர்ப்புதான் அவரை வளர்த்தது என்பது வெள்ளத்தில் தப்பித்தவனைக் காட்டி வெள்ளம் நல்லது என்று சொல்வது போல. ஹாகியோவை உண்மையில் வளர்த்தவை எவை? தெசுகாவின் ஒரு புத்தகம். கூட இருந்து வரைந்த வயதொத்த தோழிகள். திரும்பி வந்த கதைகளைப் படித்துப் பார்த்து வெளியிட்ட யமமோட்டோ. காசு கொடுத்து வாங்கிய பெயர் தெரியாத பெண் பிள்ளைகள். இவர்கள் எல்லாரும் செய்தது ஒரே காரியம், அவர் வரைந்ததைப் படித்தார்கள் அல்லது கூடவே வரைந்தார்கள். எதிர்ப்பு அவருக்குக் கொடுத்தது ஒரு காயம். காயத்தையும் அவர் கதையாக்கினார் என்றால் அது அவருடைய திறமை. காயத்துக்கு அதில் பெருமை சேராது.

இனி 2010. அந்த ஆண்டு என்.எச்.கே. தொலைக்காட்சியில் காலையில் ஒரு தொடர் ஓடியது. ஷிகேரு மிசுகி என்ற மூத்த படக்கதை ஓவியரின் மனைவி எழுதிய வாழ்க்கைக் குறிப்பை வைத்து எடுத்தது. போரில் ஒரு கையை இழந்த மனிதர், மறு கையால் இரவு பகலாக வரைகிறார். வறுமை, கடன், கெடு தேதி. மனைவி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். ஹாகியோவின் வயதான தாயாரும் அந்தத் தொடரைப் பார்த்தார். படக்கதை வரைவது எவ்வளவு கடினமான உழைப்பு என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மகளிடம் வருத்தம் தெரிவித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. அந்த வயதில் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் அதை வாய்விட்டுச் சொல்வது எளிய காரியமா? நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்த அம்மாளுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். தன் மகள் நாற்பது ஆண்டாக எப்படி உழைக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறொருவரின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியிருந்தது. மகள் வரைந்த புத்தகங்கள் ஜப்பானில் எந்தக் கடையிலும் கிடைத்தன.

நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளைகள் செய்கிற வேலையைப் பெற்றோர் பாராட்டியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் வருமானம் உண்டா, நிலைக்குமா என்று கவலைப்படுவதும் தப்பில்லை. சுரங்க ஊர்ப் பெற்றோருக்கு அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பார்த்துவிட்டுக் கவலைப்பட வேண்டும். பார்க்காமலே ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்பதைக் கவலை என்று சொல்ல முடியாது. யமமோட்டோவின் பெயரை முதலில் எழுதுவேன் என்றேன் அல்லவா? அவர் கதையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மற்றவர்கள் தீர்ப்பை முதலில் வைத்துக்கொண்டார்கள்.

இன்று நம் பேரப்பிள்ளைகள் செய்யும் வேலைகளின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. ஒருவன் கணினியில் விளையாட்டு உருவாக்குகிறான், ஒருத்தி அசைபடத்துக்குப் பின்னணி வரைகிறாள், இன்னொருவர் யூடியூபில் ஏதோ செய்கிறார். ‘நிரந்தர வேலையா, பென்ஷன் உண்டா’ என்று கேட்டுவிட்டு நாம் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, ‘நீ செய்ததில் ஒன்றைக் காட்டு, பார்க்கிறேன்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நமக்குப் பாதி புரியாது. புரியாவிட்டால் என்ன? பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டால் போதும். ஓய்வு பெற்றவர்களிடம் வேறு எது இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் இருக்கிறது.

அந்த வார்த்தை கிடைத்த பிறகும் ஹாகியோ ஓயவில்லை. 2011 மார்ச்சில் சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் வந்தன. சில மாதங்களில் ‘நானோஹனா’ என்ற கதையை வெளியிட்டார். கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மஞ்சள் பூவுக்கு அந்தப் பெயர். சுனாமியில் பாட்டியைத் தொலைத்த ஃபுகுஷிமாச் சிறுமியின் கதை அது. 2012-இல் ஜப்பான் அரசு ஊதா நாடாப் பதக்கம் அளித்தது. சிறுமியர் படக்கதை வரைபவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 2016-இல், நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ‘போ குடும்ப’த்தை மறுபடி எடுத்து வரையத் தொடங்கினார். எட்கருக்கு இன்னும் பதினான்கு வயதுதான். வரைந்தவருக்கு அறுபத்தேழு. 2019-இல் நாட்டின் பண்பாட்டுச் சாதனையாளர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.

ஆங்கிலம் படிக்கக்கூடியவர்களுக்கு ‘அவர்கள் பதினொரு பேர்’, ‘தாமஸின் இதயம்’, ‘வேற்றுலகப் பார்பரா’ எல்லாம் மொழிபெயர்ப்பில் உண்டு. பேரன் பேத்தி யாராவது படக்கதை படிப்பவராக இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும் என்பதிலிருந்து அவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.